பற்றவைப்பதும் பற்றிக்கொள்வதும்

ராணிப்பேட்டையில் ஒரு தோல் தொழிற்சாலையில் எனக்கு மெயின்டனன்ஸ் எலக்ட்ரீஷியன் வேலை, 19 வருடமாகிறது. 415 வோல்ட் பேனலில் கை வைப்பதற்கு முன்னால் லைனைத் துண்டிக்கிற ஐசொலேட்டர் ஸ்விட்சை இறக்குவேன், பூட்டுப் போடுவேன், சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வேன், அதற்கப்புறமும் மீட்டர் வைத்து மூன்று ஃபேஸையும் பார்த்துவிட்டுத்தான் ஸ்க்ரூடிரைவரை எடுப்பேன். கூட வேலை செய்கிற பையன்கள் இதற்காகவே என்னைக் கிண்டல் செய்வார்கள். அப்பேர்ப்பட்ட நான்தான் போன சித்திரையில் காட்பாடி வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, மூக்குக்கண்ணாடிக் கூடு அளவே இருக்கிற ஒரு 7.4 வோல்ட் பாட்டரியை எவர்சில்வர் தாம்பாளத்தில் வைத்து ஷார்ட் செய்தேன்.

எப்படி நடந்தது, அதே வேலையை அடுத்த பாட்டரிக்கு எப்படிச் செய்தேன் என்று எழுதி வைக்கிறேன். ஆர்.சி. கார், அதாவது ரிமோட்டில் ஓடுகிற பொம்மைக் கார் வைத்திருக்கிறவர்கள் என்றைக்காவது ஒருநாள் அதன் லிப்போ (லித்தியம் பாலிமர்) பாட்டரிக்கு ப்ளக் மாற்றத்தான் போகிறார்கள். அவர்களுக்கு உதவும்.

கார் வந்த கதை சின்னது. எங்கள் மாடியில் குடியிருந்த காலேஜ் பையன் படிப்பு முடிந்து ஊருக்குக் கிளம்பும்போது, நிஜ வண்டியில் பத்தில் ஒரு பங்கு அளவுள்ள ஒரு பக்கி வகைக் கார், இரண்டு லிப்போ பாட்டரி, ஒரு சார்ஜர் எல்லாவற்றையும் பாதி விலைக்கு என் மகனிடம் தள்ளிவிட்டுப் போனான். மகன் ஒன்பதாவது படிக்கிறான், அவனுக்குத் தலைகால் புரியவில்லை. "அங்கிள், ப்ளக்கை மட்டும் மாத்திடுங்க, எக்ஸ்டி60 போட்டுடுங்க" என்று அந்தப் பையன் போகும்போதே சொன்னான். ஓடுகிற வண்டியை எதற்குக் கிளற வேண்டும் என்று விட்டுவிட்டேன்.

வேலூரைப் பற்றி ஊரில் ஒரு வரிசை சொல்வார்கள், சாமியில்லாத கோயில், தண்ணியில்லாத ஆறு என்று போகும். சாமி 1981-ல் கோட்டைக்குள் திரும்பி வந்துவிட்டார். ஆறும் 2021 நவம்பரில் இரு கரையும் தொட்டு ஓடிக் காட்டியது. ஆனாலும் கோடையில் பாலாறு என்றால் மணல்தான், விருதம்பட்டுப் பக்கம் இறங்கினால் பசங்களுக்கு அதைவிட நல்ல மைதானம் கிடையாது. சிக்கலும் அந்த மணலில்தான் ஆரம்பித்தது. தார் ரோட்டில் வழுக்கிக்கொண்டு போகிற வண்டி, மணலில் சக்கரம் புதையப் புதைய முக்கும். முக்கினால் மோட்டார் கூடுதல் ஆம்பியர் கேட்கும். நான்காவது ஞாயிற்றுக்கிழமை வண்டி பாதியில் நின்றுபோய், மகன் தூக்கிக்கொண்டு ஓடிவந்தான். பாட்டரிக்கும் காருக்கும் நடுவில் இருந்த வெள்ளை நைலான் ப்ளக் கூழாகி, இரண்டு பாதியும் ஒட்டிக்கொண்டிருந்தன. பாட்டரி லேசான சூடுதான். ப்ளக்கைத் தொட முடியவில்லை.

அந்த வெள்ளை ப்ளக்கைப் பொதுவாக டாமியா ப்ளக் என்பார்கள். பழைய நிக்கல் பாட்டரிக் காலத்துச் சமாசாரம். 7.2 வோல்ட், சாதாரண மோட்டார், 10, 15 ஆம்பியர் என்று இருந்தவரைக்கும் அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. எங்களுடையது பேர் தெரியாத ஒரு நகல், அதையும் கூடுதல் கரண்ட் இழுக்கிற ப்ரஷ்லெஸ் மோட்டார் வண்டியில் மாட்டி ஆற்று மணலில் விட்டோம். கணக்குப் போட்டுப் பார்த்தால் பழி யார்மேல் என்று தெரியும். ப்ளக்கின் தொடுமுனையில் 5 மில்லி ஓம் தடை இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 15 ஆம்பியர் போனால் அங்கே உண்டாகிற சூடு ஒரு வாட் சொச்சம், யாருக்கும் தெரியாது. அதே ப்ளக்கில் 40 ஆம்பியர் போனால் 8 வாட். கரண்ட் மூன்று மடங்குகூட ஆகவில்லை, சூடு ஏழு மடங்கு ஆகிவிட்டது, ஏனென்றால் சூடு கரண்டின் இருமடியில் ஏறும். விரல்நுனி அளவு பிளாஸ்டிக்குக்குள் 8 வாட் அடைந்து கிடந்தால் அது என்ன செய்யும், உருகத்தான் செய்யும். உருகினால் தொடுமுனை தளரும், தளர்ந்தால் தடை ஏறும், தடை ஏறினால் இன்னும் சூடு. ஃபேக்டரியில் லூஸ் டெர்மினல் கருகுவதும் இதே கதைதான், எத்தனை பார்த்திருப்பேன்!

சரி, எக்ஸ்டி60 வாங்கினேன். பேரில் இருக்கிற 60, அது அதிகபட்சமாகத் தாங்கும் ஆம்பியரைக் குறிக்கிறது. உள்ளே 3.5 மில்லிமீட்டர் தங்க முலாம் பூசிய பின்கள், வெளியே சூடு தாங்கும் நைலான். முதலில் லாங்கு பஜார் பக்கம் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருக்கிற தெரிந்த தம்பியிடம் கொண்டுபோனேன். ஒயரைப் பார்த்ததுமே கையை விரித்துவிட்டான். "இன்னாண்ணா, இத்தினி தடியா கீது? என் அயர்ன்ல ஒட்டவே ஒட்டாது. அதுவுமில்லாம பாட்டரி மேல நெருப்பு வேல நான் செய்யறதில்லண்ணா." உப்பின செல்போன் பாட்டரிகளோடு தினமும் குடித்தனம் செய்கிறவன் பயப்படுகிறானே என்று ஒரு நிமிடம் யோசித்திருக்கலாம். நான் சிரித்துக்கொண்டே வாங்கிக்கொண்டு வந்தேன். 7 வோல்ட்டுக்கு என்ன பயம்?

வீட்டுக்கு வந்து திண்ணையில் கடை விரித்தேன். தரையில் ஈயம் சொட்டினால் போகாது என்று வீட்டுக்காரி ஒரு பழைய தாம்பாளத்தைக் கொண்டுவந்து கீழே வைத்தாள். நல்ல எண்ணம்தான். பாட்டரியை அதன்மேல் வைத்தேன். சிவப்பு ஒயரை வெட்டி அரை சென்டிமீட்டர் சீவினேன். கறுப்பு ஒயரை வெட்டி அதையும் சீவினேன். கவனியுங்கள், இரண்டையும் ஒன்றாக வெட்டக்கூடாது என்று எனக்குத் தெரியும், தனித்தனியாகத்தான் வெட்டினேன், அதில் ஒரு திருப்தியும் இருந்தது. அப்புறம் சால்டரிங் அயர்ன் சூடாகிவிட்டதா என்று பார்க்கத் திரும்பினேன். சிவப்பு ஒயர் தானாகவே வளைந்து தட்டில் உட்கார்ந்திருந்தது. ஒன்றும் நடக்கவில்லை. ஒரு முனை மட்டும் தொட்டால் எதுவும் நடக்காதுதான். கறுப்பை எடுக்கக் கையை நீட்டினேன், அது விரலில் பட்டு நழுவித் தட்டில் விழுந்தது.

வெல்டிங் வைக்கிற இடத்தில் கண்ணாடி இல்லாமல் நின்றது போல ஒரு வெளிச்சம். 'சட்' என்று ஒரு சத்தம், ஒயர் நுனியிலிருந்து பொறி சிதறி என் முழங்கையில் இரண்டு மூன்று இடத்தில் சுட்டது. கறுப்பு முனை தட்டோடு ஒட்டிவிட்டது. ரப்பர் உறை இருக்கிற இடத்தில் பிடித்து வெடுக்கென்று இழுத்தேன், வந்துவிட்டது. மொத்தமே இரண்டு விநாடி இருக்கும். தட்டில் இரண்டு கரும்புள்ளி, ஒன்றில் குண்டூசி நுழையும் அளவுக்கு ஓட்டை. தமிழில் சால்டரிங்குக்குப் பற்றவைப்பு என்று பேர் வைத்திருக்கிறார்கள், அன்றைக்கு ஈயம் பற்றுவதற்கு முன்னால் வீடு பற்றியிருக்கும்.

மறுநாள் ஃபேக்டரியில் சொன்னேன். சொல்லியிருக்கவே கூடாது. "அண்ணே, பூட்டுச் சாவி உங்க பாக்கெட்டுலதானே இருந்துச்சு?" என்று கேட்டான் ஒரு அப்ரன்டிஸ் பையன்.

கிண்டல்தான், ஆனால் சரியான இடத்தில் குத்தினான். நான் 19 வருடம் பழகியது அணைக்க முடிந்த மின்சாரத்தோடு. எவ்வளவு பெரிய லைனாக இருந்தாலும் எங்கேயோ ஒரு கைப்பிடி இருக்கும், இழுத்தால் செத்துவிடும், அதற்கப்புறம் அது வெறும் செம்பு. பாட்டரிக்கு அந்தக் கைப்பிடி கிடையாது. ப்ளக்கைக் கழற்றினாலும், ஒயரை வெட்டினாலும், சார்ஜ் முக்கால்வாசி இறங்கினாலும் அது உயிரோடுதான் இருக்கிறது. லிப்போவில் ஒவ்வொரு செல்லும் முழு சார்ஜில் 4.2 வோல்ட், இரண்டு செல் சேர்ந்து 8.4. உள்தடை ரொம்பக் குறைவு. மொத்தம் 10 மில்லி ஓம் என்று வைத்துக்கொண்டாலே 8.4-ஐ 0.01-ஆல் வகுத்தால் 840 ஆம்பியர். ஒயர், தட்டு எல்லாவற்றின் தடையையும் சேர்த்து, கரண்ட் பாதி என்று வைத்தாலும் 400. ஃபேக்டரியில் 10 குதிரைச்சக்தி மோட்டார் ஓடும்போது இழுப்பதே 14 ஆம்பியர்தான். வோல்ட்டைப் பார்த்துப் பயந்தே பழகிவிட்ட எனக்கு ஆம்பியர் மறந்துபோனது. 7 வோல்ட் ஷாக் அடிக்காது, உண்மை. அடிப்பது நெருப்பு.

ஷார்ட் ஆன பாட்டரியை உடனே வீட்டுக்கு வெளியே கொண்டுபோய்த் துவைக்கிற கல்லின்மேல் வைத்துவிட்டு, தூரத்தில் நாற்காலி போட்டு இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். அடிபட்ட லிப்போ சில நேரம் உடனே காட்டாது, உள்ளே சூடு ஏறி அப்புறம்தான் புகையும். அந்தப் புகை விஷம், அதில் ஹைட்ரஜன் ஃப்ளோரைடு வரும், கிட்டே குனிந்து பார்க்கிற வேலையே வேண்டாம். எங்களுடையது புகையவில்லை. மறுநாள் காலையில் பார்த்தால் பூரிபோல லேசாக உப்பியிருந்தது, ஒரு செல் 4.1, இன்னொன்று 3.6. அத்தோடு அதற்கு ஓய்வு கொடுத்தாகிவிட்டது. உப்பின பாட்டரியை ஓட்டிப் பார்ப்பது, ஊசியால் குத்திக் காற்றை இறக்குவது எல்லாம் நான் காதால் கேட்ட விஷயங்கள், எவனாவது சொன்னால் காதைப் பொத்திக்கொள்ளுங்கள்.

மீதி இருப்பது ஒரு பாட்டரி. இந்தத் தடவை அந்தக் காலேஜ் பையனுக்கு போன் போட்டு, மானம் பார்க்காமல் எல்லாவற்றையும் கேட்டேன்.

அவன் சொன்ன முதல் விஷயம் எனக்கு ரொம்பப் பிடித்துப்போனது. "பாட்டரியில ஆரம்பிக்காதீங்க அங்கிள், கார் பக்கம் முதல்ல போடுங்க." காரின் ஸ்பீடு கன்ட்ரோலர் ஒயருக்கும் ப்ளக் மாற்றியாக வேண்டும், அது உயிரில்லாத பக்கம், பாட்டரியைக் கழற்றிவிட்டால் வெறும் ஒயர். கைப்பழக்கம் எல்லாம் அங்கே வரட்டும். அதில் கெட்டுப்போனால் மூன்று தடவைகூட வெட்டி ஒட்டலாம். ஒரே ஒரு எச்சரிக்கை, கன்ட்ரோலரில் தடித்தடியாய் கெப்பாசிட்டர் இருக்கும், பாட்டரியைக் கழற்றின பிறகு ஸ்விட்சை ஆன் செய்து சில விநாடி விட்டால் அதில் தேங்கியிருப்பது இறங்கிவிடும்.

இரண்டாவது, எந்தப் பாதி எந்தப் பக்கம் என்பது. கடையில் ஆண், பெண் என்று சொல்லி விற்பார்கள், எக்ஸ்டி60-ல் பிளாஸ்டிக்கைப் பார்த்தால் ஒன்று, உள்ளே பின்னைப் பார்த்தால் வேறொன்று, கடைக்காரரே மாற்றித்தான் தருவார். பேரை விடுங்கள். சுவரில் பாருங்கள், கரண்ட் இருக்கிற பக்கம் துளை, அயர்ன்பாக்ஸ் ஒயரில்தான் பின் நீட்டிக்கொண்டிருக்கிறது. அதே நியாயம்தான் இங்கேயும். உலோகம் பிளாஸ்டிக்குக் குழிக்குள் ஒளிந்திருக்கும் பாதி பாட்டரிக்கு, பின் நீட்டிக்கொண்டிருக்கும் பாதி காருக்கு. மாற்றிப் போட்டால் வண்டி ஓடும். ஆனால் பாட்டரி பையில் கிடக்கும்போது இரண்டு பின்னும் ஒரு சாவிக்கொத்துக்காகக் காத்துக்கொண்டிருக்கும்.

அயர்ன் விஷயத்தில் செல்போன் கடைத் தம்பி சொன்னது நூற்றுக்கு நூறு சரி. 12 கேஜ் ஒயர் என்பது விரல் மாதிரிச் செம்பு, 25 வாட் அயர்னின் ஊசி பிட்டை வைத்தால் சூட்டை எல்லாம் ஒயர் உறிஞ்சிக்கொண்டு போய்விடும், ஈயம் மேலே பொட்டுப்போல உட்காருமே தவிர இறங்காது. பொறுமையாக வைத்துக்கொண்டே இருந்தால் சூடு ஒயர் வழியாகச் செல்லுக்குப் போகும், அது அதைவிட மோசம். நிதானமாகக் குறைந்த சூட்டில் செய்வதுதான் பாட்டரிக்குப் பத்திரம் என்று தோன்றும், உண்மை தலைகீழ். 60 வாட்டுக்குக் குறையாத அயர்ன், உளி மாதிரி அகலமான பிட், சூடு 350-லிருந்து 380 டிகிரி, வைத்து நான்கைந்து விநாடியில் முடித்துக் கையை எடுத்துவிட வேண்டும். நான் ஃபேக்டரி அயர்னை ஒரு நாள் கேட்டு வாங்கிவந்தேன். ஈயக்கம்பி 63-க்கு 37 வகை (வெள்ளீயம் 63, காரீயம் 37), அது 183 டிகிரியில் ஒரேயடியாக உருகும், ஒரேயடியாக உறையும், நடுவில் கூழாக நிற்காது, நமக்கு வசதி. ஈயம் பிடிப்பதற்காகத் தடவுகிற ஃப்ளக்ஸ் ரோசின் வகையாக இருக்கட்டும், பைப்புக்குப் போடுகிற ஆசிட் ஃப்ளக்ஸ் நாளாவட்டத்தில் செம்பை அரித்துவிடும்.

ஈயம் என்றதும் இன்னொன்று. பாட்டி ரசம் வைத்த ஈயச் சொம்பு வெள்ளீயம். இந்தக் கம்பியில் 37 பங்கு இருப்பது காரீயம். கையைக் கழுவாமல் முறுக்கைத் தொடக்கூடாது, சொட்டின தட்டு சமையலறைக்குத் திரும்பக்கூடாது. எங்கள் தாம்பாளம் இப்போது துளசித் தொட்டிக்கு அடியில் இருக்கிறது, ஓட்டை வழியாகத் தண்ணீர் வடிகிறது.

ஒரு ஞாயிறு காலை, வெயில் ஏறுவதற்கு முன்னால் உட்கார்ந்தேன். அக்னி நட்சத்திரத்தில் பத்து மணிக்கு மேல் எங்கள் திண்ணையில் மனிதனே இருக்க முடியாது, லிப்போ எப்படி இருக்கும்? கையிலிருந்த செப்புக் காப்பைக் கழற்றினேன். காசிக் கயிறு இருக்கலாம், பரவாயில்லை. தட்டுக்குப் பதில் ஒரு மரப்பலகை. பாட்டரியை முன்னாலேயே ஓட்டி ஒரு செல்லுக்கு 3.8 வோல்ட் அளவுக்கு இறக்கி வைத்திருந்தேன். அதனால் ஷார்ட் கரண்ட் ஒன்றும் பெரிதாகக் குறையாது, ஆனால் ஏதாவது ஆகிவிட்டால் எரிவதற்கு உள்ளே இருப்பது பாதிதான். பாட்டரி எதோடும் இணைந்திருக்கக்கூடாது, சார்ஜரோடுகூட. சார்ஜ் ஏறும்போது செல்களைச் சமப்படுத்துகிற பேலன்ஸ் ஒயர் என்று மெல்லிசாக மூன்று ஒயர் வெள்ளைத் தலையோடு தொங்கும், அதுவும் உயிருள்ளதுதான், அதன் வாயிலும் டேப் ஒட்டினேன். பக்கத்தில் ஒரு பானையில் பாலாற்று மணல். ஒரு பைதான் அள்ளினேன், மணல் கொள்ளைக் கணக்கில் சேர்த்துவிடாதீர்கள்.

பழைய ப்ளக்கில் கறுப்பை மட்டும் வெட்டினேன். சிவப்பு அப்படியே பழைய ப்ளக்கின் உறைக்குள் இருக்கட்டும், அதுதான் நமக்குக் கிடைத்த பூட்டு. கறுப்பைச் சீவி, சூடு காட்டினால் சுருங்கி மூடிக்கொள்கிற ஸ்லீவை முதலில் ஒயரில் ஏற்றி, முனைக்கு ஃப்ளக்ஸ் தடவி ஈயம் ஊறவைத்தேன். எக்ஸ்டி60-ன் முதுகில் ஒயர் இறங்குகிற மைனஸ் கிண்ணத்திலும் பாதி உயரத்துக்கு ஈயத்தை நிரப்பினேன். அப்புறம் கிண்ணத்தைச் சூடாக்கி, ஈயம் குளமாகப் பளபளத்ததும் ஒயரை உள்ளே இறக்கி, இரண்டு விநாடி பிடித்து, அயர்னை எடுத்துவிட்டு, ஆறுகிறவரை கையை ஆட்டாமல் மூச்சுப் பிடித்து உட்கார வேண்டும். ஆறும்போது ஆடினால் பற்று மங்கலாக, மொரமொரப்பாக நிற்கும், இழுத்தால் கையோடு வரும். ப்ளக்கைக் கையில் பிடிக்க முடியாது, ஒரு கட்டையில் துளை போட்டுச் செருகி வைத்தேன்.

இந்த இடத்தில் ஒரு கண்ணி இருக்கிறது, யாரும் எச்சரிக்கவில்லை, கடைசி நேரத்தில் நானாகத்தான் பார்த்தேன். பற்றவைக்கும்போது சூட்டில் பிளாஸ்டிக் இளகி பின் கோணிக்கொள்ளாமல் இருக்க, ஜோடிப் பாதியைச் செருகி வைத்துக்கொண்டு வேலை செய்யச் சொல்வார்கள். நல்ல யோசனைதான், சூட்டையும் கொஞ்சம் வாங்கிக்கொள்ளும். ஆனால் செருகின அந்த ஜோடியின் பின்புறக் கிண்ணங்கள் திறந்தே இருக்கின்றன. இந்தப் பக்கம் இரண்டு ஒயரும் பற்றின மறுநொடி அந்தப் பக்கம் இரண்டு கிண்ணமும் உயிர் பெற்றுவிடும், அதை நாம் ஏதாவது உலோக வைஸில் இறுக்கி வைத்திருப்போம்! ஜோடிப் பாதியின் முதுகை முதலிலேயே நன்றாக டேப் சுற்றி மூடிவிட்டேன். காருக்குப் போட வேண்டிய ப்ளக்கை இதற்குப் பலி கொடுக்காமல், இதற்கென்றே ஒன்று தனியாக வைத்துக்கொள்வது நல்லது.

கறுப்பு ஆறினதும் ஸ்லீவைக் கீழே இழுத்துக் கிண்ணத்தை மூடி, அயர்னின் பக்கவாட்டைக் காட்டிச் சுருக்கினேன். லைட்டர் வேண்டாம், பாட்டரி பக்கத்தில் எதற்குச் சுடர்? ஸ்லீவ் சுருங்கி மூடினதற்கு அப்புறம்தான் சிவப்பை வெட்டினேன். எந்த நிமிடத்திலும் ஒரே ஒரு அம்மண முனை, அவ்வளவுதான் வித்தை. முதல் தடவை நான் தனித்தனியாக வெட்டினேனே தவிர தனித்தனியாக முடிக்கவில்லை. (சிவப்பில் ஸ்லீவை ஏற்ற மறந்துவிட்டுப் பற்றவைத்துவிட்டேன். உருக்கி எடுத்து மறுபடி. இதை மறக்காத சால்டரிங்காரரை நான் இன்னும் பார்க்கவில்லை.)

பிளஸ், மைனஸ் குறி ப்ளக்கின் பிளாஸ்டிக்கிலேயே பொறித்திருக்கும். நிறம் கிடையாது, வெறும் மேடு, என் வயதுக் கண்ணுக்குத் தெரிகிற சமாசாரமில்லை. செல்போனில் போட்டோ எடுத்துப் பெரிதாக்கிப் பார்த்தேன். பற்றவைத்து முடித்ததும் மீட்டரை டி.சி. 20 வோல்ட்டில் வைத்து, பிளஸ் குழியில் சிவப்பு முனை, மைனஸில் கறுப்பு. மீட்டரில் 7.6 வந்தது, முன்னால் கழித்தல் குறி இல்லை. கழித்தல் குறி வந்திருந்தால் மாற்றிப் பற்றவைத்திருக்கிறோம் என்று அர்த்தம், அப்படியே காரில் செருகினால் கன்ட்ரோலர் ஒரு விநாடிகூடத் தாங்காது, பாட்டரியைவிட விலை கூடின சாமான் அது. மீட்டர் முனைகளை இரண்டு குழிக்கும் நடுவில் ஒன்றோடொன்று உரசாமல் பிடியுங்கள், அதுவும் ஒரு ஷார்ட்தான். அப்புறம் ஒவ்வொரு ஒயரையும் பிடித்து ஓர் இழுப்பு. வந்தால் இப்போதே வரட்டும்.

முதல் தடவை காரில் செருகும்போது 'டிக்' என்று ஒரு பொறி வரும், பயந்துவிடாதீர்கள், கன்ட்ரோலரின் கெப்பாசிட்டர்கள் ஒரு மடக்கில் நிரம்புகிற சத்தம். பெரிய வண்டிகளுக்குப் பொறி வராத எக்ஸ்டி90-எஸ் என்று ஒரு வகை இருக்கிறது, இரண்டு செல் வண்டிக்கு அது வேண்டாத செலவு. அன்று சாயங்காலமே ஆற்றுக்குப் போனோம். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை மகனை நிறுத்தச் சொல்லி ப்ளக்கில் விரல் வைத்துப் பார்த்தேன். வெயிலில் கிடந்த கல்லைவிடக் குளுமையாக இருந்தது. மோட்டார் கொதித்தது, அது வேறு கதை, பற்சக்கரத்தை மாற்ற வேண்டும்.

பழைய ப்ளக்கையும் புது ப்ளக்கையும் இணைக்க அடாப்டர் ஒயர் விற்கிறார்கள், அதை வாங்கியிருந்தால் இத்தனை கூத்து இல்லையே என்று வீட்டில் கேட்டார்கள். உருகினது எந்த ப்ளக்கோ அது அடாப்டரோடு அப்படியே வண்டியிலேயே இருக்கும், கூடவே இன்னும் இரண்டு தொடுமுனை சேரும். சார்ஜருக்கு வேண்டுமானால் வைத்துக்கொள்ளலாம், அங்கே போவது 5000 மில்லி ஆம்பியர்-மணி பாட்டரிக்கு 5 ஆம்பியர்தான்.

சார்ஜர் என்றதும் நினைவு வருகிறது. புது ப்ளக்குக்காகப் புது சார்ஜ் ஒயர் வாங்குவீர்கள். அதன் ஒரு முனை எக்ஸ்டி60, மறுமுனை சார்ஜரில் செருகும் இரண்டு வாழைப்பழ பின், மூடாமல் அம்மணமாக இருக்கும். பாட்டரியை முதலில் செருகிவிட்டால் அந்த இரண்டு பின்னும் காற்றில் தொங்கிக்கொண்டே உயிரோடு ஆடும், ஒன்றையொன்று தொட்டால் எங்கள் தாம்பாளக் கதை மறுபடி. முதலில் சார்ஜர், அப்புறம் பாட்டரி. கழற்றும்போது முதலில் பாட்டரி, அப்புறம் சார்ஜர். மகன் இதைச் சுண்ணாம்புக்கட்டியால் சுவரில் எழுதி வைத்திருக்கிறான்.

செத்த பாட்டரியை என்ன செய்தேன் என்று கேட்பீர்கள். உப்புத் தண்ணீரில் ஊறப்போடு என்று சிலர் சொல்வார்கள், அதில் ஒயர் முனைதான் சீக்கிரம் அரித்துப்போகும், உள்ளே கரண்ட் அப்படியே இருக்கும், நாம் இறங்கிவிட்டது என்று நம்பிக்கொண்டிருப்போம். பைக் இண்டிகேட்டரின் 12 வோல்ட் 21 வாட் பல்பை எடுத்துக்கொண்டேன். அதைப் பாட்டரியில் மிச்சமிருந்த ஒயர்களில் ஒவ்வொன்றாகப் பற்றவைத்து மூடி, மணல் பானையில் வைத்து, வீட்டுக்கு வெளியே கொண்டுபோய் விட்டேன். மங்கலாக எரிந்து, சாயங்காலம் சிவந்து, ராத்திரி அணைந்தது. இரண்டு நாள் கழித்து மீட்டரில் ஏறக்குறைய பூஜ்யம். அப்படியும் குப்பை வண்டியில் போடவில்லை, வண்டிக்குள் நசுங்கிப் பற்றிக்கொண்டால் அந்தத் துப்புரவுத் தொழிலாளிக்கு யார் பதில் சொல்வது? பாட்டரிக் கழிவு தனி என்று 2022-ல் சட்டவிதியே வந்திருக்கிறது. முனைகளை டேப்பால் மூடி மின்கழிவு வாங்குகிற இடத்தில் கொடுத்தேன்.

போன வாரம் மகனின் சிநேகிதன் ஒருவன் அவன் காரைத் தூக்கிக்கொண்டு வந்தான், அதே வெள்ளை ப்ளக், அதே பழுப்பு நிறம் ஏற ஆரம்பித்திருந்தது. கார் பக்க ஒயரை மகனே பற்றவைக்கட்டும் என்று அயர்னைக் கையில் கொடுத்தேன், பாட்டரிப் பக்கம் இன்னும் தரவில்லை. நான் மீட்டரோடு பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். நன்றாகத்தான் செய்தான், ஈயம் கண்ணாடிமாதிரி நின்றது, ஒயரை இழுத்துப் பார்த்தோம், வரவில்லை. இரண்டு பேரும் அதையே ரசித்துக்கொண்டிருந்தபோது பக்கத்தில் பலகையில் ஸ்லீவ் தனியாகக் கிடந்தது.